வட ஆர்க்காட்டுக் கோயில் வரலாற்றைக் கலைக்களஞ்சியப் பதிவாக எழுதுவது எப்படி: கல்வெட்டிலிருந்து கட்டுரை வரை

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, போளூர் வட்டாரத்தில் பழைய கோயில் ஒன்றுக்குப் போனால் வாசலிலேயே தலவரலாற்றுப் பலகை நிற்கும். "ஆயிரம் ஆண்டுப் பழமை", "சோழர் கட்டியது" என்று அதில் எழுதியிருக்கும். அங்கிருந்து பத்தடி தள்ளி, கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், எண்ணெய்ப் பிசுக்குக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் அந்தக் கோயிலின் அசல் ஆவணம் கல்லிலேயே இருக்கும். பலகையைப் பார்த்து எழுதிய பதிவுகள் இணையத்தில் ஏராளம். சுவரைப் பார்த்து எழுதியவை குறைவு. சுவரைப் பார்த்து எழுதப் போகிறவர்களுக்கான வழிகாட்டி இது.

முதலில் ஓர் ஒழுங்கு. கிடைக்கும் ஒவ்வொரு செய்தியும் கல் சொன்னதா, ஏடு சொன்னதா, வாய் சொன்னதா என்று பிரித்துக் குறியுங்கள். கல் என்றால் கல்வெட்டு, செப்பேடு, நடுகல். ஏடு என்றால் தேவாரம், தலபுராணம், வெள்ளைக்காரர் காலத்து மாவட்டக் கையேடுகள். வாய் என்றால் குருக்களும் ஊர்ப் பெரியவர்களும் சொல்வது. மூன்றுக்கும் பதிவில் இடம் உண்டு. ஆனால் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் அந்த வாக்கியம் கெட்டுப்போகும்.

படி 1: ஊரின் எல்லாப் பெயர்களையும் திரட்டுங்கள்

தேடல் வீணாவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். ரயில் நிலையப் பலகையில் திருவலம். சம்பந்தர் பதிகத்தில் திருவல்லம். சோழர் கல்வெட்டில் தீக்காலிவல்லம். மூன்றும் ஒரே ஊர். தக்கோலத்துக்குத் தேவாரத்தில் திருவூறல் என்று பெயர். மேற்பாடி ராஜராஜன் காலத்தில் ராஜாஸ்ரயபுரம் ஆனது. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி ஆதாரம் கைக்கு வராது.

தெய்வத்தின் பெயரும் மாறும். வேலூர்க் கோட்டைக் கோயில் இறைவனை இன்று ஜலகண்டேசுவரர் என்கிறோம். 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஜ்வரகண்டேசுவரர், அதாவது காய்ச்சலைத் தீர்ப்பவர் என்ற பொருளில் வருகிறது. லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் ஜலகண்டர் என்பது ஊரில் வழங்கும் விளக்கம். பதிவில் இரண்டையும் தர வேண்டும். கல்வெட்டுப் பெயர் முதலில் வரட்டும்; வழக்கு விளக்கத்தை "என்பது ஊர் வழக்கு" என்ற சொல்லோடு அடுத்து வையுங்கள். ஒன்று சரி, மற்றது தவறு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மாவட்டக் குழப்பம். பழைய கல்வெட்டுப் பட்டியல்கள் "வட ஆர்க்காடு" என்று சொல்வது இன்றைய வேலூர் மாவட்டத்தை மட்டும் அல்ல. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் தனியாகும்வரை வட ஆர்க்காட்டின் தலைநகரே சித்தூர்தான். அதனால் இன்று ஆந்திரத்தில் இருக்கும் குடிமல்லம்கூட அந்தக் காலத்து வட ஆர்க்காட்டுக்குள் வரும். 1989 செப்டம்பரில் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. படைவீடும் போளூர்த் திருமலையும் இன்று திருவண்ணாமலை மாவட்டம். மகேந்திரவாடியும் தக்கோலமும் ராணிப்பேட்டை மாவட்டம். பதிவின் முதல் வரியில் இன்றைய மாவட்டத்தையும் வட்டத்தையும் போடுங்கள். பழைய மாவட்டப் பெயர் ஆதாரத்தைக் குறிக்கும் இடத்தில் மட்டும் வரட்டும்.

கல்வெட்டில் ஊரின் முகவரி பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும்: மண்டலம், கோட்டம், நாடு, ஊர். ஜயங்கொண்ட சோழமண்டலத்துப் படுவூர்க் கோட்டம் என்று தொடங்கினால் இந்தப் பாலாற்று வட்டாரம்தான் என்று தைரியமாகத் தொடரலாம்.

படி 2: அச்சில் வந்ததை முதலில் படியுங்கள்

சுவரைத் தொடும் முன் அது ஏற்கெனவே படிக்கப்பட்டதா என்று பாருங்கள். இந்த வட்டாரத்துக்கு அதிர்ஷ்டம் உண்டு. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் வந்தது. வேலூர், விரிஞ்சிபுரம், படைவீடு, திருமலை ஆகிய ஊர்க் கல்வெட்டுகள் அதில் மூலத்தோடு உள்ளன. மூன்றாம் தொகுதியில் திருவல்லமும் மேற்பாடியும் வருகின்றன. வள்ளிமலை, பஞ்சபாண்டவமலைக் கல்வெட்டுகளை எபிகிராஃபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழின் நான்காம் தொகுதியில் தேட வேண்டும். முழுப் பாடம் அச்சாகாதவற்றுக்குக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கம் இருக்கும். ஒரு வரிசை எண்ணும் ஓர் ஆண்டும் சேர்ந்து அதன் அடையாளம். அந்த இரண்டையும் குறிக்காமல் "ஒரு கல்வெட்டு சொல்கிறது" என்று எழுதினால் அடுத்தவர் சரிபார்க்க வழியே இருக்காது.

அச்சுப் பாடத்தில் குறிகளைக் கவனியுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது பதிப்பாசிரியருக்கு ஐயமான எழுத்து. உடுக்குறி (*) இருந்தால் கல்லில் இல்லாததை அவர் சேர்த்திருக்கிறார். இந்தக் குறிகளை உதிர்த்துவிட்டு மேற்கோள் காட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஓர் ஊகம் பத்துப் பதிவுகளைத் தாண்டும்போது உண்மையாகிவிடுவது அப்படித்தான்.

படி 3: சுவரின் முன்னால்

அனுமதி முதலில். வேலூர்க் கோட்டையும் வள்ளிமலைச் சமணக் குகையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. மற்றக் கோயில்களில் பெரும்பாலும் இந்து சமய அறநிலையத் துறையின் செயல் அலுவலரைக் கேட்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தச் சுவர், எந்த நாள், சுவரில் எதுவும் தடவப்போவதில்லை என்பதை எழுதிக் கொடுங்கள்.

மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. சுவரை நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தடித்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றுவார்கள். ஈரம் அதிகம் இருந்தால் மை குழிக்குள் வடியும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் தானாகக் கழன்று எழுத்து இரண்டாகத் தெரியும். பழகாத கை கல்லில் மைக்கறையை விட்டுவிடும். உங்களுக்கு அது தேவையில்லை, கைப்பேசியும் ஒரு டார்ச்சும் போதும்.

செய்முறை இது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டியபடி, ஏறக்குறைய 15 பாகைச் சாய்வில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து மறையும். பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஒரே பகுதியை இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு படமாவது எடுங்கள். இடமிருந்து அடிக்கும்போது நெடுங்கோடுகள் தெளியும், மேலிருந்து அடிக்கும்போது கிடைக்கோடுகள். அடுத்தடுத்த படங்களில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று வரட்டும். படத்துக்குள் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். சுவரின் திசை, அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளத்தில்) எந்த உறுப்பு (ஜகதி, குமுதம், பட்டிகை), எத்தனையாவது வரி என்பதை நோட்டில் எழுதுங்கள். ஒரே கல்வெட்டு குமுதத்தில் கோயிலைச் சுற்றி ஓடும். மூலை திரும்பும் இடத்தைக் குறிக்காவிட்டால் வீட்டுக்கு வந்து வரிகளை ஒட்டவே முடியாது.

எழுத்து தெரியவில்லை என்று விபூதியோ மாவோ சுண்ணக்கட்டியோ தேய்க்காதீர்கள். கம்பித் தூரிகை, அமிலம், எண்ணெய் வேண்டவே வேண்டாம். திருப்பணியில் மணல்வீச்சு அடித்த சுவர்களில் எழுத்து மழுங்கிப் போயிருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். ஆயிரம் ஆண்டு மழை செய்யாததை ஒரு காலைப்பொழுது செய்துவிடுகிறது.

திருப்பணியில் கற்களை இடம் மாற்றி அடுக்கியிருந்தால் வரி நடுவில் துண்டாகும். அந்தக் கல்லின் மறுபாதி படிக்கட்டிலோ மடைப்பள்ளி வாசலிலோ தலைகீழாகக் கிடக்கலாம். வளாகம் முழுக்க நடந்து பாருங்கள்.

படி 4: எழுத்தைப் படித்தல்

பெரும்பாலான கல்வெட்டு "ஸ்வஸ்திஸ்ரீ" என்று கிரந்த எழுத்தில் தொடங்கித் தமிழுக்கு வரும். மூன்று இடங்களில் கால் தடுக்கும். புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இருக்காது. காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். க, அடுத்து ஒரு செங்குத்துக் கோடு, ண, ம என்று வந்தால் அது "காணம்" (பொன்னளவு) ஆகலாம், "கரணம்" (ஆவணம்) ஆகலாம். விலையும் அளவும் பேசும் வரியில் காணம். கையெழுத்துப் போடும் இடத்தில் கரணம். எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் வாக்கியத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

எண்கள்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். 1347 என்பது ௲௩௱௪௰௭. இதை இடமதிப்பு எண்ணாகப் படித்தால் கணக்குக் குழம்பும். ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு, ௸ மேற்படி. நிலக் கணக்கில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320.

அரசனை அடையாளம் காண மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைப் பாடும் பகுதியின், முதல் சீர் உதவும். "திருமகள் போல" முதலாம் ராஜராஜன். "திருமன்னி வளர" முதலாம் ராஜேந்திரன். "புகழ்மாது விளங்க" முதலாம் குலோத்துங்கன். மெய்க்கீர்த்தி இல்லாமல் வெறும் "கோப்பரகேசரி" என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். சோழர்கள் பரகேசரி, ராஜகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். எழுத்தின் வடிவத்தை வைத்து நூற்றாண்டு சொல்லலாம். அரசன் பெயரைச் சொல்ல அது போதாது.

வினைச்சொல்லை விடாமல் பிடியுங்கள். பதிவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. "வைத்த திருநந்தாவிளக்கு" (அணையா விளக்கு) என்றால் அவர் விளக்கு வைத்தார், கோயில் கட்டவில்லை. போளூர்த் திருமலைக் குந்தவை ஜினாலயத்துக்கு (சமணக் கோயிலுக்கு) மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை விளக்கு வைத்தாள்; அவ்வளவுதான். பஞ்சபாண்டவமலையில் பல்லவ மன்னன் நந்திப்போத்தரசரின் 50-ஆம் ஆண்டில் நாரணன் என்பவன் பொன்னியக்கியார் (சமண இயக்கி) படிமம் "கொட்டுவித்தான்", அதாவது செதுக்கச் செய்தான். மேற்பாடியில் ராஜராஜன் ஆற்றூர்த் துஞ்சின தேவராகிய அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக (இறந்த அரசனின் நினைவுக் கோயிலாக) "எடுப்பித்தருளின" கோயில் என்று வருகிறது. "ராஜராஜன் கட்டியது" என்று எழுத மேற்பாடியில் கல்லே அனுமதி தருகிறது. அந்த வினை இல்லாத இடத்தில் "ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு உள்ளது" என்பதோடு நிறுத்துங்கள்.

படி 5: ஆண்டைக் கணக்கிடுதல்

பிழை மலிந்த இடம் இதுதான், அதனால் மெதுவாகப் போவோம்.

ஆட்சியாண்டை ஆட்சி தொடங்கிய ஆண்டோடு கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். முதல் ஆண்டும் கணக்கில் சேரும் என்பதால்தான். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985; 7-ஆம் ஆண்டு 985 + 7 − 1 = 991. இந்த 985 எப்படிக் கிடைத்தது என்பதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. திருவல்லம் கோயில் சுவரில் ராஜராஜனின் 7-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐப்பசி விஷுவில் (பகலும் இரவும் சமமாகும் நாளில்), ரேவதி நாளில் நேர்ந்த சந்திர கிரகணத்தைச் சொல்கிறது. அதை 991 செப்டம்பர் 26 என்று அறிஞர் கீல்ஹார்ன் கணித்தார். சோழப் பேரரசின் கால அட்டவணையைத் தாங்கும் முக்கியமான ஆணிகளில் ஒன்று பொன்னை ஆற்றங்கரையில் அடிக்கப்பட்டது. காட்பாடியிலிருந்து கொஞ்ச தூரம்தான், போய்ப் பாருங்கள்.

சக ஆண்டைக் கி.பி. ஆண்டாக்க 78 கூட்டுவது எல்லோருக்கும் தெரியும். எப்போது 79 கூட்ட வேண்டும் என்பதில்தான் தவறுகிறார்கள். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் விஜயநகர மன்னர் தேவராய மகாராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்கள் (கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் எல்லோரும்) பெண்ணுக்குப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே மணம் செய்விப்பது என்று கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. தேதி: சகம் 1347-இன் மேல் செல்லாநின்ற விசுவாவசு ஆண்டு, பங்குனி 3, சஷ்டி, புதன்கிழமை, அனுஷ நாள்.

கணக்கை ஒவ்வொரு பூட்டாகத் திறப்போம்.

முதல் பூட்டு ஆண்டுப்பெயர். ஆண்டுப்பெயர்கள் 60; அவை சுற்றிச் சுற்றி வரும். முதல் பெயரான பிரபவ 1987-இல் வந்தது. 1347 + 78 = 1425. 1425-க்கும் 1987-க்கும் இடைவெளி 562. 60-இன் மடங்கான 600-இலிருந்து 562 போனால் 38. ஒன்று கூட்டினால் 39. பட்டியலில் 39-ஆவது விசுவாவசு. பொருந்துகிறது.

இரண்டாவது பூட்டு மாதம். விசுவாவசு 1425-இல் தொடங்கினாலும் பங்குனி அதன் கடைசி மாதம். அக்காலத்து நாட்காட்டியில் தையின் முற்பகுதியிலிருந்து பங்குனி முடிய 79 கூட்ட வேண்டும். ஆகவே 1426. "கி.பி. 1425" என்று எழுதினால் ஓராண்டு தவறும்.

மூன்றாவது பூட்டு கிழமை. அக்காலத்து ஜூலியன் நாட்காட்டியில் பங்குனி பிப்ரவரி கடைசியிலேயே பிறந்துவிடும். இன்றைய பஞ்சாங்கத்தைப் பார்த்து மார்ச் நடு என்று எடுக்கக் கூடாது. 1426 பிப்ரவரி 27 ஜூலியன் கணக்கில் புதன். பொருந்துகிறது.

நான்காவது பூட்டு திதியும் நட்சத்திரமும். பங்குனி 3-இல் சூரியன் ஏறக்குறைய 333 பாகையில். அனுஷம் 213⅓ முதல் 226⅔ பாகை வரை. சந்திரனிலிருந்து சூரியனைக் கழித்து 360 கூட்டினால் 240 முதல் 254 வரை வரும். ஒரு திதிக்கு 12 பாகை. 240 முதல் 252 வரை 21-ஆவது திதி, அதாவது தேய்பிறை சஷ்டி. இதுவும் பொருந்துகிறது. வளர்பிறையா தேய்பிறையா என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது.

நான்கும் திறந்தால் தேதியைத் தயங்காமல் எழுதலாம். ஒன்று திறக்காவிட்டால் பெரும்பாலும் எண்ணை நீங்கள் தவறாகப் படித்திருப்பீர்கள். கல்வெட்டியவரைக் குறை சொல்லும் முன் படத்தைத் திரும்பப் பாருங்கள். கிழமையும் நட்சத்திரமும் இல்லாத கல்வெட்டுக்கு "1425–26" என்று ஈராண்டு கொடுப்பதே நேர்மை.

ஆர்க்காட்டுப் பள்ளிவாசல், தர்கா, கல்லறைக் கல்வெட்டுகளுக்கு ஹிஜ்ரிக் கணக்கு வேண்டும். ஹிஜ்ரி ஆண்டை 33-ஆல் வகுத்து வந்ததை அதிலிருந்தே கழித்து 622 கூட்டுங்கள். 1142 என்றால் ஏறக்குறைய 35 போக 1107, கூட்ட 1729. இது அண்ணளவு, ஓராண்டு முன்பின் ஆகலாம்.

படி 6: புராணத்துக்கு உரிய இடம்

வள்ளிமலை வள்ளி பிறந்து வளர்ந்த தினைப்புனம் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. அதே மலையில் சமணத் திருமேனிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கங்க மன்னன் ராஜமல்லன் இந்தக் குகைப்பள்ளியை அமைத்ததைக் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. பஞ்சபாண்டவமலையில் பாண்டவர் தங்கியதாகக் கதை. கல்வெட்டும் சிற்பமும் சமணத்தைச் சொல்கின்றன. பதிவில் "மரபு" என்று தனித் தலைப்பு கொடுத்து, கதையை மரியாதையோடும் முழுமையோடும் சொல்லுங்கள். "மூடநம்பிக்கை" என்ற தொனி கூடாது. சமணத் தடயத்தை மறைப்பதும் கூடாது. சைவரோ வைணவரோ சமணரோ இஸ்லாமியரோ, அந்தப் பதிவைப் படிப்பவர் தம் முன்னோர் அங்கே இருந்ததைக் காண வேண்டும்.

படி 7: எழுதுதல்

முதல் பத்தி நான்கு செய்தி சொல்லட்டும்: எங்கே, எந்தத் தெய்வம் அல்லது மரபு, கிடைத்தவற்றில் பழைய ஆதாரம் எது, எதனால் முக்கியம். திருவல்லத்துக்கு இப்படி வரலாம்:

"திருவல்லம் பில்வநாதேசுவரர் கோயில் வேலூர் மாவட்டம் காட்பாடி வட்டத்தில், இன்று திருவலம் என்று வழங்கும் ஊரில் பொன்னை ஆற்றங்கரையில் உள்ள சிவன் கோயில். சம்பந்தரின் பதிகம் பெற்றது. இங்குள்ள பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகளில், முதலாம் ராஜராஜனின் 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அம்மன்னன் பட்டமேறிய ஆண்டைக் கணிக்க உதவியது."

"மிகவும் பழமையான", "உலகப் புகழ்பெற்ற" போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். 991 என்ற எண் அவற்றைவிடப் பலமானது.

அடுத்து காலவரிசைப்படி அடுக்குகள். கட்டடத்தின் காலமும் கல்வெட்டின் காலமும் வேறாகலாம். வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கட்டடம் விஜயநகரக் காலத்தது; கருவறையில் நெடுங்காலம் வழிபாடு நின்று, 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து நிறுவப்பட்டது. கட்டுமானம், வழிபாடு நின்ற காலம், மீண்டும் தொடங்கியது என்று மூன்றையும் பிரித்து எழுதினால்தான் படிப்பவருக்கு விளங்கும்.

கலைச்சொற்களை முதல் முறை வரும் இடத்திலேயே விளக்குங்கள். பள்ளிச்சந்தம்: சமண, பௌத்தப் பள்ளிக்கு விட்ட நிலம். தேவதானம்: கோயில் நிலம். இறையிலி: வரி நீக்கியது. சாவா மூவாப் பேராடு: விளக்குக்கு விட்ட ஆடு, பெரும்பாலும் 96. ஆடு செத்தாலும் மூத்தாலும் குட்டி ஈன்று எண்ணிக்கை குறையாது. அதனால் நாள்தோறும் உழக்கு நெய் தவறாது என்பது அதன் கருத்து. இதைச் சொல்லாமல் "96 ஆடு தானம்" என்று மட்டும் எழுதினால் பலியிடக் கொடுத்ததாகக் கருதுவோரும் உண்டு.

கல்வெட்டு வாசகத்தை மேற்கோளில் கல்லில் உள்ளபடியே கொடுத்து, அடுத்த வரியில் இன்றைய தமிழில் பொருள் தாருங்கள். "குடுத்த" என்றிருந்தால் "கொடுத்த" என்று திருத்தாதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பேச்சு அந்த உகரத்தில்தான் கேட்கிறது.

படி 8: திரும்பப் போய்ப் பார்த்தல்

வெளியிடும் முன் அச்சிட்ட பக்கத்தோடு ஒரு முறை கோயிலுக்குப் போய், ஒவ்வொரு வரியையும் சுவரோடு ஒப்பிடுங்கள். மேற்குச் சுவர் என்று எழுதியது தெற்காக இருக்கும். ஐந்தாம் வரி என்றது ஆறாகும். குடமுழுக்குக்கு நாள் குறித்த செய்தி வந்தால் திருப்பணி தொடங்குவதற்கு முன்பே போய் எல்லாச் சுவரையும் படம் எடுத்துவிடுங்கள். கோப்புப் பெயரில் ஊர், சுவர், வரி, நாள் நான்கும் இருக்கட்டும். செயல் அலுவலரிடம் ஒரு பிரதி கொடுங்கள். எந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால், சுவரைச் சுத்தம் செய்ய வருபவரிடம் அந்தக் கல்லைக் கைகாட்டி "இதைத் தொடாதீர்கள்" என்று சொல்ல அவருக்கு முடியும்.